ரெண்டு பரோட்டாவுக்கு எத்தனை ரவுண்டு?

சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. பின் கேட்டுக்கு எதிரில் இருக்கும் கடையில் ரெண்டு பரோட்டாவைப் பிச்சுப் போட்டு, சால்னா ஊற்றி ஊறவைத்து, ஒரு கை பார்த்துவிட்டு வெளியே வரும்போது கூட்டத்தில் ஒருத்தன் கட்டாயம் சொல்வான்: "மச்சி, காலையில கிரவுண்டுல நாலு ரவுண்டு ஓடிட்டா எல்லாம் சரியாயிடும்டா." நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். எப்போதாவது ஓடியும் இருக்கிறேன்.

என் ரூம்மேட் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினான். போன செமஸ்டரில் போனில் ஆப் ஏற்றி, சாப்பிட்ட ஒவ்வொரு இட்லியையும் வரவில் எழுதி, ஓடின ஒவ்வொரு கிலோமீட்டரையும் செலவில் எழுதி, மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டு மாதிரி சுத்தமாக வைத்திருந்தான். மூணாவது மாசம் மெஷின் ஷாப்பில் லேத் முன்னாடி நின்றவன் அப்படியே சரிந்தான். பக்கத்தில் இருந்த லேப் அண்ணா பிடித்து இழுக்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. சக் சுத்திக்கொண்டிருந்தது.

அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாத" என்றான். போடவில்லை.

முதலில் அந்த நாலு ரவுண்டு கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு பரோட்டா உருண்டைக்கு 60 கிராம் மைதா என்று வைப்போம். 100 கிராம் மைதாவில் சுமார் 350 கிலோகலோரி இருக்கிறது, அப்போ இதில் 210. மாஸ்டர் மாவு ஊறும்போது, வீசும்போது, கல்லில் போடும்போது என மூணு இடத்தில் எண்ணெய் விடுகிறார். அதில் 10 கிராம்தான் உள்ளே போகிறது என்று குறைத்தே வைத்தாலும் 90. ஆக ஒரு பரோட்டா 300, ரெண்டு 600. சால்னாவைச் சேர்க்கவே இல்லை. மேலே மிதக்கிறதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஓட்டம். சமதளத்தில் ஓடுவதற்கு எளிதான ஒரு தோராய விதி உண்டு: ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோகலோரி. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு பெரிதாக மாறாது. சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். 65 கிலோ ஆள், 400 மீட்டர் டிராக், ஒரு ரவுண்டுக்கு 26. நாலு ரவுண்டுக்கு 104. அதாவது ஒரே ஒரு பரோட்டாவில் மூணில் ஒரு பங்கு. ரெண்டையும் கழிக்க 23 ரவுண்டு, ஒன்பது கிலோமீட்டருக்கு மேல. நடந்து கழிக்கிறேன் என்றால் கிலோமீட்டருக்கு இதில் பாதி சொச்சம்தான் செலவாகும், விடிஞ்சுடும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ 23 ரவுண்டு ஓடிட்டா போச்சு" என்று ஒருத்தன் கிளம்புவான். என் ரூம்மேட் அப்படித்தான் கிளம்பினான். கணக்கு தப்பில்லை. கணக்கில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் மற்றதைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதுதான் அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். சாப்பாட்டில் கலோரியை அளக்கலாம் என்று முறையாகச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர். நாம் லேபில் எரிபொருளின் வெப்ப மதிப்பைக் கண்டுபிடிக்க பாம்ப் கலோரிமீட்டர் வைத்திருக்கிறோமே, அதே கருவியில் அவர் சாப்பாட்டை எரித்தார். அதோடு விடவில்லை. 1890களில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆளே உள்ளே தங்கும் அளவுக்கு ஒரு கலோரிமீட்டர் அறையைக் கட்டினார். உள்ளே இருப்பவர் அங்கேயே சாப்பிடுவார், தூங்குவார். உள்ளே போன சாப்பாடு, வெளியே வந்த கழிவு, மூச்சுக்காற்று, வெப்பம் எல்லாவற்றையும் அளந்தார்கள். வரவும் செலவும் பொருந்தியது. தெர்மோடைனமிக்ஸ் முதல் விதி நீராவி எஞ்சினுக்கு மட்டுமில்லை, நமக்கும்தான் என்று ஆனது. மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்றைக்கும் பிஸ்கட் பாக்கெட்டில் நடக்கிற கணக்கு அவர் குழு போட்டதுதான். பாக்கெட்டிலும் ஆப்பிலும் 'கலோரி' என்று சுருக்கிப் போட்டிருந்தாலும் அது கிலோகலோரி என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு சின்ன இடைச்செருகல். கொழுப்பின் அந்த 9 கிலோகலோரியை நம்ம அலகுக்கு மாற்றினால் கிலோவுக்கு சுமார் 38 மெகாஜூல். டீசல் சுமார் 45. அம்மா சாதத்தில் விடுகிற நெய்க்கும் பஸ்ஸில் ஊற்றுகிற டீசலுக்கும் ஆற்றல் அடர்த்தியில் பெரிய தூரம் இல்லை. 65 கிலோ ஆளுக்கு உடம்பில் 13 கிலோ கொழுப்பு இருப்பதாக வைத்தால், கிலோவுக்கு 7,700 என்ற வழக்கமான மதிப்பில் அது ஒரு லட்சம் கிலோகலோரி, அதாவது 116 யூனிட் கரண்ட். ரெண்டு மின்சாரக் காரின் பேட்டரியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறோம். ஒரு நாள் சாப்பாடு கூடினாலும் குறைந்தாலும் உடம்பு பதறாமல் இருப்பது இதனால்தான்.

சரி, செலவுப் பக்கம். ஐ.சி.எம்.ஆர்., தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இரண்டும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், உட்கார்ந்தே வேலை செய்கிற 65 கிலோ ஆணுக்கு நாளைக்கு 2,110 கிலோகலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1,660. இதை 86,400 வினாடியால் வகுத்தால் ஆணுக்கு 102 வாட், பெண்ணுக்கு 80 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று. அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற கிளாஸ் ரூமில் நாம் மட்டுமே ஆறு கிலோவாட் ஹீட்டர். ஏ.சி. டிசைனில் ஆள் எண்ணிக்கையைக் கேட்பது சும்மா இல்லை.

இந்த பல்பு எதுக்கு எரிகிறது? இதில் 60 முதல் 70 சதவீதம் உயிரோடு இருப்பதற்கே போய்விடுகிறது. மூளை, ஈரல், இதயம், சிறுநீரகம். படுத்துத் தூங்கினாலும் இந்தச் செலவு நிற்காது. மூளை மட்டும் இதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. (ராத்திரி முழுக்க எம்-3 படித்தால் இளைத்துவிடுவோமா என்று கேட்காதீர்கள். தீவிரமாக யோசித்தாலும் அது பெரிதாகக் கூடுவதில்லை.) இன்னொரு 10 சதவீதம் சாப்பிட்டதைச் செரிக்கவே ஆகிறது. மிச்சம் இருப்பதுதான் அசைவு. அதிலும் 'உடற்பயிற்சி' என்று நாம் சொல்வது ஒரு சின்னத் துண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஹாஸ்டலிலிருந்து பிளாக்குக்கு நடப்பது, பஸ்ஸில் நிற்பது, துணி துவைப்பது, உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டுவது எல்லாம் சேர்ந்து அதைவிட அதிகம்.

காலை ஆட்டாதே என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்காக ஒரு ஆய்வு. 1999இல் ஜேம்ஸ் லெவினும் அவர் குழுவும் 16 பேருக்குத் தினமும் தேவைக்கு மேல் 1,000 கிலோகலோரி கொடுத்து எட்டு வாரம் சாப்பிடவைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கூடுதல். ஆனால் ஏறிய கொழுப்பு ஒருத்தருக்கு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருத்தருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தத் திட்டமிடாத அசைவில் இருந்தது. சிலருடைய உடம்பு கூடுதலாக வந்ததைத் தெரியாமலேயே நடந்தும் நின்றும் நெளிந்தும் செலவழித்துவிட்டது. 'எவ்வளவு தின்னாலும் ஏற மாட்டேங்குது' என்கிற அந்த ஒல்லி நண்பன் முழுப் பொய் சொல்லவில்லை.

இனி ரூம்மேட் கதை.

மூணாவது செமஸ்டர் தொடங்கும்போது அவன் 78 கிலோ, 172 செ.மீ. அக்கா கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வந்த வேகம். ஆப்பில் வயசும் எடையும் போட்டு 'சீக்கிரம்' என்ற பொத்தானை அழுத்தினான். நாளைக்கு 1,200 என்று சொன்னது. கூடவே ராத்திரி ஆறு கிலோமீட்டர் ஓட்டம். காலை டிபன் கட். மதியம் ஒரு கரண்டி சாதம், ராத்திரி ரெண்டு சப்பாத்தி.

ஓட்டத்துக்கு 470 போனால் மிச்சம் 730. மிஃப்லின் சூத்திரத்தில் போட்டால் அவன் வயசுக்கும் எடைக்கும் அடிப்படைச் செலவே 1,750 பக்கம் வரும். சூத்திரம் 10 சதவீதம் அப்படி இப்படி இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். இதயத்துக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் ஆகிற செலவில் பாதிக்கும் கீழேதான் சாப்பாட்டிலிருந்து வருகிறது. மிச்சத்தை உடம்பு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கொழுப்பிலிருந்து மட்டும்தான் எடுக்கும் என்று உடம்பு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. தசையையும் கரைக்கும்.

முதல் வாரம் மூணு கிலோ இறங்கியது. ரூமே கொண்டாடினோம். அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று அப்போது தெரியாது. தசையிலும் ஈரலிலும் அரைக் கிலோ அளவுக்கு கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூணு கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் இது காலியாகும், கூடவே தண்ணீரும் போகும். ரெண்டு கிலோ இப்படியே போய்விடும். ஒரு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் அத்தனையும் திரும்பி வரும், அதைப் பார்த்து அழுகையும் வரும்.

ஆறு வாரத்தில் 71 கிலோ. அதோடு முள் நின்றுவிட்டது. மூணு வாரம் அசையவில்லை. "நான்தான் எங்கயோ அதிகமா திங்குறேன்" என்று முடிவு பண்ணி 1,000 ஆக்கினான். இடையில் நாங்கள் கவனித்தும் சேர்த்துப் பார்க்காத விஷயங்கள்: எல்லாரும் ஃபேனுக்கு அடியில் கிடக்கும்போது அவன் போர்வை போர்த்தியிருந்தான். ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட். கிளாஸ் இல்லாத நேரமெல்லாம் படுக்கை. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தான். ராத்திரி ஒரு மணிக்கு இயர்போன் மாட்டிக்கொண்டு பிரியாணி வீடியோ பார்த்தான். சனிக்கிழமை ராத்திரி மட்டும் கட்டுப்பாடு உடைந்து, ரெண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை அதுக்குத் தண்டனையாகப் பத்து கிலோமீட்டர்.

இதெல்லாம் அவன் புத்தி பலவீனம் என்று நினைத்தோம். பிறகுதான் மின்னசோட்டா ஆய்வைப் படித்தேன். இரண்டாம் உலகப்போரின் கடைசியில், போருக்குப் பிறகு பட்டினியில் இருக்கும் மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ள ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்தியது. மனசாட்சி காரணமாகப் போர்முனைக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 1945இல் ஆறு மாசம் அவர்களுக்கு நாளைக்கு 1,600 கிலோகலோரிக்குப் பக்கம் சாப்பாடு, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால்வாசி போனது. ஓய்வில் ஆகும் ஆற்றல் செலவு 40 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. எடை குறைந்ததால் குறைய வேண்டியதைவிட இது அதிகம். எந்நேரமும் குளிர்ந்தது, சோர்ந்து கிடந்தார்கள், எரிந்து விழுந்தார்கள். சமையலில் அக்கறையே இல்லாத சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள்.

சமையல் புத்தகம் என்று படித்ததும் எனக்கு அந்த ஒரு மணி பிரியாணி வீடியோதான் ஞாபகம் வந்தது. அவர்களுக்குக் கிடைத்த 1,600கூட இவனுக்குக் கிடைக்கவில்லை.

உடம்புக்கு நம்ம கல்யாண ஆல்பம் தெரியாது. வரவு திடீரென்று விழுந்தால் பஞ்சம் என்றுதான் எடுத்துக்கொள்ளும், பஞ்சத்தில் குடும்பம் செய்வதைச் செய்யும்: முதலில் ஆடம்பரத்தை நிறுத்தும். உடல் சூடு, முடி வளர்ச்சி, இனப்பெருக்க ஹார்மோன், காரணமில்லாமல் எழுந்து நடப்பது எல்லாம் அதன் கண்ணுக்கு ஆடம்பரம். அப்புறம் பசியைத் தூண்டிவிடும். ஒரு நாளைக்கு 500 குறைத்தால் வருஷத்துக்கு 24 கிலோ குறையும் என்று 7,700ஆல் வகுத்துப் போடும் கணக்கு ஏன் யாருக்கும் பலிப்பதில்லை என்பது இப்போது புரியும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்த நாமே ஃபீட்பேக்கை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டோம், அதுதான் வெட்கம்.

உடற்பயிற்சிப் பக்கமும் இதே கதைதான். ஹெர்மன் பான்ட்சர் என்பவர் தலைமையில் ஒரு குழு தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் தினசரி ஆற்றல் செலவை அளந்து 2012இல் வெளியிட்டது. கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, அவை உடம்பை விட்டு வெளியேறும் வேகத்தை வைத்து அளப்பது, இருக்கிறதிலேயே நம்பகமான முறை. ஹட்சா ஆட்கள் நாள் முழுக்க நடப்பவர்கள், நம்மைவிட எவ்வளவோ அதிகம் அசைபவர்கள். ஆனால் உடல் அளவைக் கழித்துப் பார்த்தால், அவர்களுடைய மொத்தச் செலவு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அமெரிக்கர்களைவிடக் கூடுதலாக இல்லை. ஒரு பக்கம் கூடுதலாக உழைத்தால் உடம்பு இன்னொரு பக்கம் செலவைக் குறைத்துச் சமாளிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். எவ்வளவு தூரம் சமாளிக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் ஓடினது முழுசாகக் கணக்கில் ஏறாது என்பது, ஓடிவிட்டு வந்து மத்தியானம் முழுக்கத் தூங்கின யாருக்கும் தெரிந்ததே.

கையில் கட்டுகிற வாட்சையும் ரொம்ப நம்ப வேண்டாம். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னவை, கலோரியில் கோட்டை விட்டன. இருந்ததிலேயே நல்லதுகூட சராசரியாக 27 சதவீதம் தப்பு. '400 எரித்தாய்' என்று வாட்ச் சொன்னதை நம்பி 400க்கு எதையாவது வாங்கித் தின்றால் யாருக்கு லாபம்?

மயங்கின அன்றைக்கு அவனைப் பார்த்த டாக்டர் மேடம் ரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார். ரெண்டும் இறங்கியிருந்தது. "காலையில என்ன சாப்பிட்டீங்க தம்பி?" "சாப்பிடலை மேடம்." "நேத்து ராத்திரி?" அவன் ஆப்பைத் திறந்து காட்டினான். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கரெக்டா எழுதி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கே பயமா இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

பெண்கள் ஹாஸ்டல் தோழிகளுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு ஆவது போக உடம்புக்கு மிச்சம் இருக்கும் ஆற்றல் தொடர்ந்து குறைவாக இருந்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும்போகும். கூடவே எலும்பு பலவீனமாகும், அதுவும் எலும்பு வலுவேற வேண்டிய நம்ம வயசில். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் என்று பேர் வைத்தது. விளையாட்டு வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதில்லை, டயட்டும் ஜிம்மும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம், ஆண்களுக்கும் ஹார்மோன் குறையும். மூணு மாசம் வரவில்லை என்றால் 'எக்ஸாம் டென்ஷன்' என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இதெல்லாம் சொல்வதால் ஓடாதே என்று ஆகிவிடாது. பரோட்டாவைக் கழிக்க ஓடுவது வீண் வேலை, அவ்வளவுதான். ஓட வேறு காரணம் இருக்கிறது, அதுவும் நம்ம ஊர் உடம்புக்கு.

2004இல் லான்செட் இதழில் ஒரு போட்டோ வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக், பக்கத்தில் இங்கிலாந்து டாக்டர் யட்கின். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3, அச்சு அசல் ஒரே எண். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்க்க ஒல்லியாக இருந்தாலும் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதிலும் வயிற்றுப் பக்கம். இந்தியர்களுக்கு இது சகஜம். சர்க்கரை நோய் நம்மிடம் சீக்கிரமும் ஒல்லியானவர்களுக்கும் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. 23 தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள், 25 வரைக்கும் காத்திருப்பதில்லை.

தராசு முள்ளில் தெரியாத இந்த வேலையைத்தான் உடற்பயிற்சி செய்கிறது. உழைக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சுகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, இதயம் வலுவாகிறது, தூக்கம் வருகிறது. சாப்பாட்டைக் குறைக்கும்போது தசை கரையாமல் காப்பதும் தண்டால், பஸ்கி, வெயிட் மாதிரிப் பயிற்சிதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி, ரெண்டு நாள் தசைக்கு வேலை. வேகமான நடையே போதும். ராத்திரி மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போகாமல் பதினைந்து நிமிஷம் ஹாஸ்டலைச் சுற்றினால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். போனைப் பேசிக்கொண்டே நடக்கலாம், எப்படியும் பேசத்தான் போகிறீர்கள்.

எடையைக் குறைக்க வேண்டியவர்கள் என்ன செய்ய? குறைப்பது தட்டில், அதுவும் கொஞ்சமாக. நாளைக்கு 300 முதல் 500 வரை குறைத்தால் பஞ்சம் என்று உடம்பு பதறாது. அந்த 300 எங்கே இருக்கிறது என்று ரூம்மேட்டின் பழைய வழக்கத்தையே எடுத்துப் பார்த்தோம். நாளைக்கு மூணு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை: 30 கிராம், 120 கிலோகலோரி. கேன்டீனில் ஒரு 600 மி.லி. கூல்டிரிங்க்: 60 கிராமுக்கு மேல் சர்க்கரை, 250 பக்கம். டிபனையும் விட வேண்டாம், ஓடவும் வேண்டாம், இந்த ரெண்டிலேயே 370 வந்துவிட்டது. குடிக்கிற கலோரியில் வயிறும் நிறையாது, அடுத்த வேளை சாப்பாடும் குறையாது. மூணாவது பஜ்ஜி. கரண்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 என்பதை மனசில் வைத்தாலே பஜ்ஜித் தட்டு வேறு மாதிரி தெரியும்.

ராத்திரி பசிக்குப் பெட்டியில் வைத்திருக்கும் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், கப் நூடுல்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் 20 பேரை ஒரு மாசம் உள்ளேயே தங்கவைத்தார். ரெண்டு வாரம் தொழிற்சாலையில் செய்த பாக்கெட் வகைச் சாப்பாடு, ரெண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்தது. தட்டில் வைத்ததில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் பொருத்திச் சமமாக்கியிருந்தார்கள், வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் ஆட்கள் தங்களுக்குத் தெரியாமலே நாளைக்கு 500 கிலோகலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மெஸ் சாம்பாரைத் திட்டிக்கொண்டே அறைக்கு வந்து பாக்கெட்டைப் பிரிக்கும் நம்ம பழக்கத்துக்கு இதைவிடச் சரியான ஆய்வு கிடையாது.

குறைக்கக் கூடாதது புரதம். ஐ.சி.எம்.ஆர். கணக்கில் கிலோவுக்கு 0.83 கிராம், 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். மெஸ் தட்டில் சாதம் மலையாகவும் பருப்பு குளமாகவும் இருப்பதால் இது எட்டாமல் போகிறது. ரெண்டு முட்டை 12, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, ஒரு கிண்ணம் சுண்டல் 8, தயிர் ஒரு கிண்ணம் 6. புரதம் அதிக நேரம் பசி தாங்கும், செரிக்கவே அதன் கலோரியில் 20 சதவீதத்துக்கு மேல் ஆகும்.

ஏறவே மாட்டேங்குது என்று ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து பவுடர் டப்பா வாங்கும் ஒல்லி நண்பர்களே, உங்களுக்கும் இதே பட்டியல்தான். கூட ரெண்டு வாழைப்பழம், சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய், வாரம் மூணு நாள் வெயிட். டப்பாவில் இருப்பதும் பால் புரதம்தான்.

ரூம்மேட் இப்போது காலையில் மெஸ் பொங்கல் சாப்பிடுகிறான், கூட ரெண்டு அவிச்ச முட்டை. ஆப்பை டெலிட் பண்ணிவிட்டான். வாரம் மூணு நாள் ரெண்டு பேரும் ஓடுகிறோம், தூரம் எழுதி வைப்பதில்லை. முதல் மாசம் ரெண்டு கிலோ ஏறியது, அன்றைக்கு அவன் முகம் சரியில்லை. அப்புறம் மெதுவாக இறங்க ஆரம்பித்து, இப்போது 72இல் நிற்கிறது. முன்னாடி 71இல் இருந்தபோது மாடி ஏறினால் மூச்சு வாங்கியவன் இப்போது தண்ணிக் கேனைத் தோளில் வைத்து ஏறுகிறான். பரோட்டா கடைக்கும் போகிறோம், மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை. மறுநாள் ரவுண்டு கணக்கைப் பேசுகிறவன் பில்லைக் கட்ட வேண்டும் என்பது ரூம் சட்டம். போன தடவை பழக்கதோஷத்தில் நான் பேசி மாட்டிக்கொண்டேன், 240 ரூபாய்.

இன்னொன்று. சாயங்காலம் மெஸ்ஸில் பஜ்ஜிக்குப் பதிலாக வாரம் ரெண்டு நாளாவது சுண்டல் போடச் சொல்லி மெஸ் கமிட்டியில் மனு கொடுத்திருக்கிறோம். "பசங்க கையெழுத்து வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். தாள் என் ரூமில்தான் இருக்கிறது. இதுவரை 41 கையெழுத்து. இன்னும் ஒரு அறுபது வேண்டும்.